எச்₂ஓ-வில் இருக்கும் ஓ, உயிர்வளியா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். போன சனிக்கிழமை தண்ணீர் பில்டர் விற்கும் தம்பி ஒருவர் வந்தார். நம் பையன்தான், நன்றாகத் தமிழ் பேசினார். இரண்டு கண்ணாடிக் குவளை கேட்டார். ஒன்றில் எங்கள் பைப்புத் தண்ணீர், மற்றதில் அவர் போத்தலில் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் முக்கிச் சுவிட்சைப் போட்டார். ஒரே நிமிடத்தில் எங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவருடையது அப்படியே தெளிவாக இருந்தது. "பைப்புத் தண்ணியில எச்₂ஓ உடைஞ்சு போச்சு அக்கா, எங்க மிஷின் கூடுதல் உயிர்வளி சேர்த்துச் சரிபண்ணிடும்" என்றார். விலை 3,200 வெள்ளி. மாதக் கடைசியில் மறுபடி வருகிறார். கொதிக்கவைத்தால் தண்ணீரில் உயிர்வளி செத்துவிடும், அதனால் மிஷினை வாங்கு என்கிறார் என் மாமியார். படிவம் 4 படிக்கும் மகளுக்கு வேறு சந்தேகம்: ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரியவைக்கும், இரண்டும் சேர்ந்த தண்ணீர் மட்டும் எப்படி நெருப்பை அணைக்கிறது? அவள் வரைந்த படத்தையும் இணைத்திருக்கிறேன். மிஷினை வாங்கலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: சகோதரி, வாங்க வேண்டாம். பணத்தை எடுத்து வைத்துவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் குவளை விவகாரம். கருவியில் குவளைக்கு இரண்டாக நான்கு கம்பிகள் இருந்திருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று வெள்ளையாக, லேசாக இருக்கும், அது அலுமினியம். மற்றது இரும்பு. அடுத்த முறை கிட்டப் போய்ப் பாருங்கள். இரும்புக் கம்பியின் நுனி அரித்து, மழையில் நனைந்த பழைய கேட்டுக் கம்பி மாதிரி சொரசொரவென்று இருக்கும். மின்சாரம் ஓடும்போது அந்த இரும்புதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்குகிறது. முதலில் பச்சை கலந்த சாயல் வரும், அப்புறம் பழுப்பு, கடைசியில் குழம்பு. நீங்கள் பார்த்த சாக்கடை அவர் பையில் கொண்டுவந்த இரும்பின் துரு.

அவருடைய தண்ணீர் ஏன் கலங்கவில்லை? தண்ணீரில் மின்சாரம் ஓடுவதற்கு அதில் கரைந்த உப்புகள் வேண்டும். கால்சியம், சோடியம் போன்றவை பைப்புத் தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் இருக்கும், இருப்பதில் தவறும் இல்லை. அவர் கொண்டுவந்ததைப் போல ஆர்ஓ இயந்திரத்தில் (மெல்லிய சவ்வு வழியே உப்புகளை நீக்குவது) வடித்த தண்ணீரில் அவை ஏறக்குறைய இல்லை. மின்சாரம் ஓடவில்லை, கம்பி கரையவில்லை, வித்தை அவ்வளவுதான். அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, அதே கருவியை முக்கச் சொல்லுங்கள். உங்கள் குவளையைவிட மோசமாகக் கலங்கும். ஆனால் நீங்களாக அந்தக் கருவியைத் தொட வேண்டாம், வீட்டு மின்சாரத்தில் ஓடுவது அது.

இங்கே குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக் கூடாது என்பது தரம். ஒரு குவளையில் அந்த அளவு இருந்தால் கண்ணுக்குச் சாயல்கூடத் தெரியாது. குழம்பாக நிற்கும் அளவுக்கு இரும்பு வேறு எங்கிருந்து வரும்?

என் சொந்த அக்கா வீட்டிலேயே இந்த வித்தை நடந்திருக்கிறது. பிறையில் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தம்பி இருக்கிறான் என்ற நினைப்பு அவருக்கு வருவதற்குள் முன்பணம் கைமாறிவிட்டது. ஆகவே உங்களுக்கு அறிவில்லையோ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கண் முன்னால் தண்ணீர் பழுப்பாவதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எச்₂ஓ உடைந்துபோச்சு என்றார் அல்லவா? இரும்புக் கம்பி கரைந்துகொண்டிருந்தபோது, பக்கத்துக் கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஏறியிருக்கும். அவை ஹைட்ரஜன். தண்ணீர் மூலக்கூறுகள் சில அங்கே உண்மையிலேயே உடைந்தன. உடைத்தது அவர் கருவி. பைப்பில் வரும்போது எச்₂ஓ முழுசாகத்தான் வந்தது.

இனி உயிர்வளிக்கு வருவோம், ஏனென்றால் அந்தத் தம்பி சாமான் விற்பது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான். தமிழ்ப்பள்ளியில் ஆக்சிஜனை உயிர்வளி என்று படித்தோம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதற்குள் 'வளி' இருக்கிறது, அதாவது காற்று. அதனால் எச்₂ஓ என்று பார்த்ததும், இரண்டு பங்கு ஹைட்ரஜன் காற்றும் ஒரு பங்கு உயிர்வளியும் தண்ணீருக்குள் ஒளிந்திருப்பதாக மனம் படித்துக்கொள்கிறது. இருப்பதில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் நல்லதுதானே என்று அடுத்த நிமிடம் தோன்றிவிடும்.

சூத்திரத்தில் இருக்கும் ஓ, ஓர் அணு. நாம் மூச்சில் இழுப்பது ஓ₂, அதாவது இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரியும் வாயு. பெயர் ஒன்று, இருக்கும் நிலை வேறு. கோப்பிக்கடையில் தே ஓ கேட்கிறோம். அந்த ஓ ஹொக்கியன் மொழியில் கறுப்பு, பால் ஊற்றாத தேத்தண்ணீர். ஓ என்ற ஒலி வருகிறதே என்று தே ஓவில் யாரும் ஆக்சிஜனைத் தேடுவதில்லை. எச்₂ஓ-வின் ஓவில் மூச்சுக்காற்றைத் தேடுவதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

எண்ணிக்கையில் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ஹைட்ரஜன் அணு மிக லேசு, ஆக்சிஜன் அணு அதைப்போல 16 மடங்கு எடை. அதனால் 18 கிராம் தண்ணீரில் 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன். ('எச் இரண்டு இருக்கிறது, அப்படியானால் தண்ணீரில் ஹைட்ரஜன்தான் அதிகம்' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அணுக்களை எண்ணினால் சரி, நிறுத்தால் தப்பு.) ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 889 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிலோ! ஆனால் அதில் ஒரு துளிகூட மீனுக்கு மூச்சாகாது. மீன் மூச்சு விடுவது அதே லிட்டரில் தனியாகக் கரைந்திருக்கும் ஓ₂ வாயுவைக் கொண்டு. நம் ஊர் வெயிலுக்கு அது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான் கரையும். அந்த ஏழரை மில்லிகிராம் தீர்ந்தால், 889 கிராம் ஆக்சிஜனுக்கு நடுவிலேயே மீன் செத்து மிதக்கும். மீன் தொட்டியில் பம்பு போட்டுக் காற்றைக் குமிழவிடுவது இதற்குத்தான்.

அந்தத் தம்பியின் மிஷின் கூட்டித் தருவதாகச் சொல்வது இந்தச் சின்னக் கணக்கைத்தான். சரி, கூட்டட்டும். சும்மா உட்கார்ந்தபடி நாம் இழுக்கும் ஒரு மூச்சு அரை லிட்டர் காற்று. அதில் ஏறக்குறைய 130 மில்லிகிராம் ஆக்சிஜன். அதே அளவு ஆக்சிஜனைச் சாதாரணத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டுமானால் 17 லிட்டர் வேண்டும். மிஷின் பத்து மடங்கு கூட்டிக் கொடுத்தாலும், ஒரு லிட்டர் குடித்துக் கிடைப்பது ஒரு மூச்சுக்குக் குறைவு. அதுவும் போய்ச் சேருவது நுரையீரலுக்கு இல்லை. நமக்கு வயிற்றில் செவுள் கிடையாது. தண்ணீர்மலைப் படி ஏறும்போது மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம் நின்று மூச்சு விடுவதுதான் வழி, அது இலவசம்.

சூத்திரத்திலேயே உண்மையாக ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் என்ன ஆகும்? எச்₂ஓ₂ ஆகும். ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பழுப்புப் போத்தலில் விற்பார்கள், முடியை வெளுக்கவும் பயன்படும். குடித்தால் ஆஸ்பத்திரிதான். ஒரே ஓர் அணு கூடினால் தண்ணீர் வேறு பொருளாகிவிடுகிறது என்பதை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கீழே எழுதும் சின்ன 2 மூலக்கூறுக்குள் எத்தனை அணு என்று சொல்கிறது. முன்னால் எழுதும் பெரிய 2 எத்தனை மூலக்கூறு என்று சொல்கிறது. 2எச்₂ஓ என்றால் இரண்டு தண்ணீர் மூலக்கூறு. இந்த இரண்டையும் குழப்பிச் சமன்பாட்டைச் சமன் செய்ய ஓவுக்குக் கீழே 2 போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர்.

மகளின் நெருப்புக் கேள்விக்கு வருகிறேன். எனக்கு வந்த கேள்விகளில் இவ்வளவு கூர்மையானது அபூர்வம். அவளுடைய மலாய்ப் பாடநூலில் இரண்டு சொற்கள் இருக்கும்: சம்புரான், செபாத்தியான். சம்புரான் கலவை, செபாத்தியான் சேர்மம். பசெம்பூர் ஒரு தட்டு வாங்கினால் வெள்ளரி வெள்ளரியாகவே இருக்கும், தவ்வு தவ்வாகவே இருக்கும், வேண்டாததை ஒதுக்கி வைக்கலாம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு போத்தலில் சேர்த்து அடைத்தால் அது அப்படிப்பட்ட சம்புரான்தான். அதில் ஒரு துளி ஈரம் இருக்காது. தீப்பொறி பட்டால் டமார் என்று வெடிக்கும். வெடித்து முடிந்த பிறகு போத்தலின் உள்பக்கம் பனித்திருக்குமே, அதுதான் தண்ணீர், செபாத்தியான்.

ஆக, தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். திருநீற்றில் தீக்குச்சியைக் கிழித்து வைத்தால் எரியுமா? எரிய வேண்டியது ஏற்கெனவே எரிந்து தீர்ந்துவிட்டது. தண்ணீரிலும் ஹைட்ரஜன் தன் பங்குக்கு எரிந்தாகிவிட்டது. அதிலுள்ள ஆக்சிஜனும் அதோடு இறுகப் பிணைந்துகிடப்பதால், விறகுக்கோ துணிக்கோ எரிவதற்குத் துணை போகாது. தண்ணீர் நெருப்பை அணைப்பது முக்கியமாகச் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால். எழும்பும் ஆவி காற்றைக் கொஞ்சம் தள்ளியும் வைக்கும்.

இதற்கு நடுவே வீட்டுக்காரியம் ஒன்று. குவாலியில் எண்ணெய் தீப்பிடித்தால் மட்டும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் அங்கே வேலையே இல்லை. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய், ஒரே நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கியடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடுங்கள்.

மகள் வரைந்த படத்தில் இரண்டு எச் கைகோத்து நிற்க, ஓ கடைசியில் தொங்குகிறது. எழுதும் வரிசையை அப்படியே படமாக்கிவிட்டாள். எச்₂ஓ என்று எழுதுவது பொருள்களைக் கணக்கெடுக்கும் சீட்டு மாதிரி. வீட்டில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை என்று சீட்டில் எழுதினால், எது எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. உண்மையில் ஓ நடுவில் இருக்கிறது. இரண்டு எச்சும் தனித்தனியாக ஓவைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. நேர்கோட்டிலும் இல்லை, 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து, விரித்த கவராயம் போல.

அந்த வளைவில்தான் தண்ணீரின் குணம் முழுவதும் இருக்கிறது. வளைந்திருப்பதால் ஓ இருக்கும் பக்கம் லேசாக எதிர்மின், எச் பக்கம் லேசாக நேர்மின். ஒரு மூலக்கூறின் எச் பக்கத்து மூலக்கூறின் ஓவை இழுக்கிறது. இந்த இழுப்பு இல்லாவிட்டால், இவ்வளவு லேசான மூலக்கூறு பினாங்கு வெயிலில் திரவமாகவே நிற்காது, வாயுவாகப் போயிருக்கும். குளிர்ந்து உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் இடைவெளி விட்டு நிற்கின்றன. அதனால் ஐஸ் கட்டி தண்ணீரைவிட லேசு, தே ஓ ஐஸில் மிதக்கிறது. 'அறுகோணத் தண்ணீர்' என்று ஒரு சரக்கும் சந்தையில் உண்டு. தம்பி அடுத்த முறை அதையும் எடுத்து வரலாம். திரவத் தண்ணீரில் இந்தப் பிடிப்புகள் கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கான முறை அறுந்து சேர்கின்றன, எந்த வடிவமும் போத்தலில் தங்காது. அறுகோணம் வேண்டும் என்பவர்கள் ஐஸ் கட்டியைக் கடிக்கலாம்.

படம் தப்பானதற்கு அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. அணுக் கொள்கையைத் தந்த ஜான் டால்டனே 1808-ல் தண்ணீருக்கு ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்றுதான் எழுதினார். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1800-ல், லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் புதிதாக வந்த வோல்ட்டா மின்கலத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். வாயுக்கள் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சேர்கின்றன என்பதும் 1805-ல் தெரிந்துவிட்டது. 1811-ல் அவகாட்ரோ அதற்குச் சரியான பொருளும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. 1860-ல் கார்ல்ஸ்ரூவே மாநாட்டில் கனிஸாரோ மறுபடி எடுத்துச் சொன்ன பிறகுதான் குழப்பம் தெளிந்தது. அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது.

அந்த இரண்டுக்கு ஒன்றை அவள் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு பக்கமும் சீவிய இரண்டு பென்சில், இரண்டு துண்டு ஒயர், ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடா. (உப்பு போட வேண்டாம், குளோரின் வாயு கிளம்பும்.) பென்சில் நுனிகளை முக்கினால் இரண்டிலும் குமிழி வரும். பேட்டரியின் எதிர்முனையில் சேர்ந்ததில் கிட்டத்தட்ட இரு மடங்கு வரும். அது ஹைட்ரஜன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு வேண்டாம்.

மாமியார் விஷயத்தில் நான் உங்கள் பக்கமும் இல்லை, தம்பி பக்கமும் இல்லை. அவர் சொன்னதில் பாதி சரி. கெட்டில் சூடாகும்போது முதலில் ஓரத்தில் ஒட்டும் பொடிக் குமிழிகள், கரைந்திருந்த காற்று. அது வெளியேறிவிடுகிறது. ஆறிய கொதிநீர் சப்பென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு தளதளவென்று எழும் பெரிய குமிழிகள் நீராவி, அப்போதும் முழு எச்₂ஓ. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வருவதாகப் படிவம் 5 பிள்ளைகள்கூட எழுதுவதுண்டு. வெறும் சூட்டால் தண்ணீர் மூலக்கூறை உடைக்க 2,000 பாகை செல்சியஸுக்கு மேல் போக வேண்டும், அங்கேயும் சிறு பங்குதான் உடையும். போன காற்றைத் திருப்பிக் கொண்டுவர மிஷின் தேவையில்லை. ஆறிய தண்ணீரை தே தாரிக் மாதிரி இரண்டு முறை தூக்கி ஊற்றி ஆற்றச் சொல்லுங்கள், ருசி திரும்பிவிடும். அவருக்கே அது தெரிந்திருக்கும், நம் பாட்டிமார் எல்லாம் அப்படித்தான் ஆற்றினார்கள்.

அப்படியானால் பைப்புத் தண்ணீர் சுத்தமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. எங்கள் கூடத்துக்குத் தண்ணீர் கொண்டு வருபவர்களில் சிலர், "இதில் எச்₂ஓ எத்தனை சதவிகிதம் என்று பாருங்கள்" என்பார்கள். எங்கள் அறிக்கைப் படிவத்தில் எச்₂ஓ-வுக்கு வரியே கிடையாது. கலங்கல், பிஎச், எஞ்சிய குளோரின், இரும்பு, ஈகோலி கிருமி என்று மற்றவற்றைத்தான் அளக்கிறோம். எச்₂ஓ என்பது ஆற்றுத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் கோயில் தீர்த்தத்துக்கும் ஒன்றுதான். நம் தீவுக்கு வருவதில் பெரும்பகுதி முடா ஆற்றுத் தண்ணீர், பெருநிலத்தில் சுங்கை டுவாவில் சுத்திகரித்துக் கடலடிக் குழாயில் வருகிறது. சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தை: உங்கள் அடுக்குமாடியின் மேல்தொட்டி, பழைய இரும்புப் பைப்பு. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று நிர்வாகக் குழுவைக் கேளுங்கள். என் வீட்டிலும் ஒரு பில்டர் இருக்கிறது. மண்ணும் துருவும் பிடிக்கும் சாதாரண ரகம், விலை சில நூறு வெள்ளிக்குள். உயிர்வளியைப் பற்றி அது எந்த வாக்குறுதியும் தரவில்லை.

தம்பி வரும்போது சண்டை வேண்டாம். அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்கிறார், பாதி நேரம் அவரே அதை நம்பியும் இருப்பார். ஒருவேளை அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், வீடு தேடி வந்து விற்றதை 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய நேரடி விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. வழி தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். கையெழுத்துப் போடவில்லை என்றால், குவளைகளை எடுத்து வைக்கும்போதே உப்பு டப்பாவையும் மேசையில் வைத்துவிடுங்கள். சிட்டிகை போடுவது மகளாக இருக்கட்டும்.